அரங்கில் எழுந்த இசையும் தட்டில் வந்த இசையும்

சிங்கப்பூரில் கேலாங் சாலைக்கும் மவுண்ட்பேட்டன் சாலைக்கும் நடுவே 'ஹேப்பி வேர்ல்டு' என்றொரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. 1930களில் தோன்றிய அது, 1960களில் 'கே வேர்ல்டு' எனப் பெயர் மாறிற்று. 2000ஆம் ஆண்டளவில் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. ஜாலான் புசாரில் 1923இல் எழுந்த 'நியூ வேர்ல்டு', கிம் செங் சாலையில் இருந்த 'கிரேட் வேர்ல்டு' ஆகிய இரண்டுக்கும் இது இளையது. சினிமாக் கொட்டகை, நாடக மேடை, குத்துச்சண்டை அரங்கு, தின்பண்டக் கடைகள் எனப் பலவும் அங்கே இருந்தன. இரவு வேளையில் நடன மண்டபமும் திறந்திருக்கும். சீட்டு வாங்கியவர் அங்குள்ள நடன மாதரோடு ஆடலாம். மேடையில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்க வாத்தியக் கோஷ்டி வாசிக்கும். சிங்கப்பூரின் இத்தகைய கோஷ்டிகளில் பிலிப்பைன்ஸ் வித்துவான்கள் மிகுதியாக இருந்தனர்.

அக்கோஷ்டிகள் வாசித்த இசை எத்தகையது? பாட்டுகளின் பெயரைச் சொல்லிவிடலாம். அக்காலத்து அமெரிக்க நடனப் பாட்டுகள்தாம். ஆனால் ஒரு சனிக்கிழமை இரவு, கூட்டம் நிறைந்த மண்டபத்தில், எந்த வித்துவான் எந்தப் பாட்டை எவ்வளவு நேரம் விரித்து வாசித்தார் என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. ஒலிப்பதிவுக் கருவி சிங்கப்பூருக்குப் பிந்தி வந்தது என்று சொல்வதற்கில்லை. கிராமபோன் கம்பெனியின் பதிவாளர் பிரெட் கைஸ்பர்க், கல்கத்தாவிலும் தோக்கியோவிலும் பதிவு செய்த அதே பயணத்தில், 1903இல் சிங்கப்பூரிலும் பாட்டுகளைப் பதிவு செய்தார். ஆனால் பாடகர்தாம் கருவி இருந்த அறைக்குச் சென்றனர். ஆட்டமும் பேச்சும் கண்ணாடிக் கோப்பையின் ஒலியும் கலந்த மண்டபத்துக்குக் கருவி செல்லும் வழக்கம் அன்று இல்லை.

அமெரிக்காவிலும் பெரும்பாலும் இதே நிலைதான். எனினும் அங்கே சில மண்டபங்களின் சில இரவுகள் தப்பிப் பிழைத்தன. 'நேரடிப் பதிவு' என்ற பெயரோடு அவை மீண்டும் மீண்டும் புதிய தட்டுகளாக வெளிவருகின்றன. அவ்வாறு வெளிவரும் தட்டை வாங்குபவர் அட்டையில் காணும் ஊரையும் தேதியையும் அப்படியே நம்பிவிடுகிறார். அவை எங்கே, எவரால், எப்படிப் பதிவாயின என்று ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு கதை.

முதலில் அவ்விசையின் அளவைச் சொல்ல வேண்டும். 1935 முதல் 1945 வரையிலான பத்தாண்டில் அமெரிக்க நடன மண்டபங்களை ஆண்டது பெருங்குழு ஜாஸ். டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் ஆகியவை அணி அணியாக அமர, பியானோவும் தாள வாத்தியங்களும் பின்நிற்க, ஏறத்தாழ 15 பேர் வாசிப்பர். மண்டபத்தில் ஒரு பாட்டு ஆடுவோரின் உற்சாகத்துக்கேற்ப நீளும். ஆனால் நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழலும் 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் கொள்வது ஏறக்குறைய மூன்று நிமிஷமே. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கோயில் வீதியில் மணிக்கணக்கில் வாசித்த தோடியைத் தட்டில் சில நிமிஷங்களாகக் கேட்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தட்டில் உள்ளது பொய்யன்று. ஆனால் வீதியில் எழுந்த தோடியும் அன்று. ஆகவேதான் அரங்கிலேயே பதிவான ஒலிக்கு இத்தனை மதிப்பு.

1938 ஜனவரி 16ஆம் தேதி நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் பென்னி குட்மன் கோஷ்டி கச்சேரி செய்தது. மேனாட்டுச் சாஸ்திரீய சங்கீதத்துக்கென்றே கருதப்பட்ட அவ்வரங்கில் ஜாஸ் கோஷ்டி ஏறியது அக்காலத்தில் பெரும் செய்தி. மேலே தொங்கவிடப்பட்ட ஒலிவாங்கியிலிருந்து தந்திவழி ஒலியைக் கொண்டுபோய்த் தட்டுகளில் பதிவு செய்யும் ஏற்பாட்டைச் செய்தவர் ஆல்பர்ட் மார்க்ஸ். குட்மனிடம் முன்பு பாடிய ஹெலன் வார்டின் கணவர். விற்பனை நோக்கம் அவருக்கு இல்லை. ஒரு பிரதி அவரிடமும் மற்றொரு பிரதி குட்மனிடமும் போயின. குட்மன் அதனை அலமாரியில் வைத்து மறந்தார். 1950இல் அத்தட்டுகள் அவர் வீட்டு அலமாரியிலிருந்து வெளிப்பட்டன. அதே ஆண்டு கொலம்பியா கம்பெனி அவற்றை இரு நெடுந்தட்டுகளாக வெளியிட்டது. விற்பனை பத்து லட்சத்தைத் தாண்டிற்று.

இதில் ஆராய்ச்சிக்கு இடம் எங்கே என்று கேட்கலாம். ஊர் தெரியும், தேதி தெரியும், கேட்டவர் ஆயிரக்கணக்கானோர். ஆயினும் 1950இல் வெளிவந்தது அன்றிரவு நடந்தது முழுவதும் அன்று. வாசித்த உருப்படிகளில் இரண்டு அடியோடு விடப்பட்டன. சில இடங்கள் வெட்டிக் குறுக்கப்பட்டன. பழைய தட்டின் கீறல் ஒலியைக் குறைக்கும் முயற்சியில் இசையின் கூர்மையும் குறைந்தது. 1999இல் பில் ஷாப் என்னும் ஆராய்ச்சியாளர் மூலத் தட்டுகளுக்கே திரும்பி, கீறல் ஒலியை அப்படியே விட்டு, முழுக் கச்சேரியையும் வெளியிட்டார். கேட்பவர் பலர் இரைச்சலைக் கண்டு முகம் சுளித்தனர். ஓலைச்சுவடியில் பூச்சி அரித்த இடத்தைத் தாமே எழுதி நிரப்பும் பதிப்பாசிரியர், புள்ளியிட்டு விட்டுவிடும் பதிப்பாசிரியர் என்று நம்மிடையே இரு சாராரைக் கண்டிருக்கிறோம். ஷாப் இரண்டாம் சாரார். அச்சிட்ட பக்கம் அழகு குறைந்தாலும் அவர் வழியே நேர்மையான வழி.

வடக்கு டக்கோட்டா மாநிலத்துப் பார்கோ என்னும் ஊர்க் கதையில் புகழ்பெற்ற மண்டபமும் இல்லை, பத்திரிகைப் பரபரப்பும் இல்லை. 1940 நவம்பர் 7ஆம் தேதி அங்குள்ள கிரிஸ்டல் நடன மண்டபத்தில் டியூக் எலிங்டன் கோஷ்டி வாசித்தது. வானொலியில் ஆர்வங்கொண்ட ஜாக் டவர்ஸ், டிக் பரிஸ் ஆகிய இரு இளைஞர், எடுத்துச் செல்லக்கூடிய தட்டு வெட்டும் கருவியோடு வந்தனர். வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்ற வாக்கின்பேரில் அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. மேடையோரம் அமர்ந்து, தட்டு முடிய முடிய மாற்றி, ஆட்டக்காரர் கூச்சலுக்கிடையே பதிவு செய்தனர். தட்டு மாற்றும் நேரத்தில் வாசித்தவை விடுபட்டன. சில பாட்டுகள் நடுவில் தொடங்குகின்றன, சில நடுவில் நின்றுவிடுகின்றன.

அந்த இரவின் அருமை பின்னரே புலப்பட்டது. கூட்டி வில்லியம்ஸ் என்ற டிரம்பெட் வித்துவான் கோஷ்டியை விட்டுப் போய், ரே நான்ஸ் வந்து சேர்ந்த சமயம் அது. கம்பித் தந்தியில் வில்லின்றி விரலால் மீட்டிப் புதுவழி காட்டிய ஜிம்மி பிளான்டன் அன்று வாசித்தார். க்ஷயரோகத்தால் 1942இல் மறைந்தபோது அவருக்கு வயது 23. அவர் நடன மண்டபத்தில் எப்படி வாசித்தார் என்பதற்குப் பார்கோ தட்டுகள் அரிய சான்று. இரு இளைஞரும் வாக்குக் காத்தனர்; ஆனால் பிரதிகள் கைமாறிக் கைமாறி ரகசியத் தட்டுகளாக உலவின. 1978இல் முறைப்படி வெளியானபின் அப்பதிவு கிராமி பரிசு பெற்றது.

பார்கோவில் கம்பெனி இல்லை; ஆகவே பூச்சும் இல்லை. கம்பெனி அரங்குக்கு வந்தால் என்ன நேரும் என்பதற்கு நியூபோர்ட் சான்று.

1956 ஜூலை 7ஆம் தேதி இரவு, ரோட் தீவு மாநிலத்து நியூபோர்ட் ஜாஸ் விழாவில் எலிங்டன் வாசித்தார். பெருங்குழுக்களின் காலம் கழிந்துவிட்டது என்று பலரும் முடிவு கட்டியிருந்த வேளை. நேரமாகிவிட்டதால் மக்கள் எழுந்து போகத் தொடங்கியிருந்தனர். 1937இல் தாம் இயற்றிய இரு பகுதிப் பாட்டொன்றை எலிங்டன் எடுத்தார். இரு பகுதிகளுக்கும் இடையில் பால் கொன்சால்வஸ் எழுந்து சாக்ஸபோனைத் தனியாக வாசித்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று நிற்காமல் 27 சுற்று வாசித்தார். மக்கள் திரும்பி வந்தனர், நாற்காலிமேல் ஏறினர், ஆடினர். தனி ஆவர்த்தனத்தில் சபை தன்னை மறப்பதைக் கண்டவர்க்கு அந்த நிலை புரியும். அதே ஆகஸ்டில் 'டைம்' பத்திரிகையின் அட்டையில் எலிங்டன் படம் வந்தது. கொலம்பியா வெளியிட்ட நியூபோர்ட் தட்டு அவர் வாழ்நாளில் மிக அதிகமாக விற்ற தட்டாயிற்று.

அந்தத் தட்டில் ஓர் உறுத்தல் இருந்தது. ஊரையே எழுப்பிய கொன்சால்வஸின் சாக்ஸபோன் எங்கோ தொலைவில் ஒலித்தது. காரணம் எளியது. மேடையில் இரண்டு ஒலிவாங்கிகள் இருந்தன. ஒன்று கொலம்பியாவினுடையது, மற்றொன்று 'வாய்ஸ் ஆப் அமெரிக்கா' வானொலியினுடையது. கொன்சால்வஸ் வானொலியின் ஒலிவாங்கி முன்னே போய் நின்று வாசித்துவிட்டார்.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்றுண்டு. விழாவுக்கென்றே எழுதிய புதிய உருப்படிகள் போதிய ஒத்திகையின்றி வாசிக்கப்பட்டன என்று கருதிய தயாரிப்பாளர் ஜார்ஜ் அவாக்கியன், இரண்டு நாள் கழித்து, ஜூலை 9ஆம் தேதி நியூயார்க் பதிவறையில் கோஷ்டியை மீண்டும் வாசிக்கச் செய்தார். அந்த ஒலியின்மேல் கைதட்டலையும் ஆரவாரத்தையும் சேர்த்தார். இரண்டும் கலந்து 'நியூபோர்ட்டில் எலிங்டன்' என்ற பெயரோடு கடைக்கு வந்தன. அத்தட்டில் உண்மையில் அரங்கில் பதிவானது பாதிக்கும் குறைவே. நாற்பதாண்டுக் காலம் கேட்டவர்கள் பதிவறை இசைக்கு விழாக் கூட்டம் கைதட்டியதாக நம்பினர்.

1990களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருந்த வானொலி நாடா அடையாளம் காணப்பட்டது. கொன்சால்வஸ் அதில் அண்மையில் நின்று வாசிக்கிறார். இங்கும் பில் ஷாப்பின் உழைப்பு உண்டு. கொலம்பியா நாடாவையும் வானொலி நாடாவையும் நொடி பிசகாமல் ஒருங்கே ஓட்டி, ஒன்றை ஒரு காதுக்கும் மற்றொன்றை மறு காதுக்கும் அமைத்தார். 1956இல் எவரும் திட்டமிடாத இருசெவி ஒலி 1999இல் வெளிவந்தது. பதிவறையில் வாசித்தவையும் அத்தொகுப்பில் உள்ளன. ஆனால் தனியே, தம் சொந்தப் பெயரோடு உள்ளன. அவாக்கியனைக் குறை கூறுவோர் பலர். அவர் கெடுமதியாளர் அல்லர். நல்ல இசையைக் கொடுக்க விரும்பிய வியாபாரி. குற்றம், அட்டையில் அதனைச் சொல்லாமல் விட்டதே.

போர்க்காலத்தில் சிக்கல் வேறு வடிவம் பெறுகிறது. 1942 ஆகஸ்டு 1ஆம் தேதி முதல் அமெரிக்க இசைவாணர் சங்கம் தட்டுக் கம்பெனிகளுக்கு வாசிக்கத் தடை விதித்தது. டெக்கா 1943இல் உடன்பாட்டுக்கு வந்தது. கொலம்பியாவும் விக்டரும் 1944 நவம்பர் வரை இழுத்தன. ஜாஸ் இசையே உருமாறிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் 1943இல் ஏர்ல் ஹைன்ஸின் பெருங்குழுவில் ஒன்றாக வாசித்தனர். அக்குழு ஒரு தட்டுக்கும் வாசிக்கவில்லை. சரித்திரத்தில் இடம் பெற்ற கோஷ்டி, ஒலியில் இடம் பெறவில்லை. கேலாங் மண்டபத்தின் கதிதான் அதற்கும்.

அவ்வாண்டுகளில் மிஞ்சியவை பெரும்பாலும் வானொலி வழி வந்தவை. ஓட்டல்களிலிருந்தும் நடன மண்டபங்களிலிருந்தும் இரவில் நேரடி ஒலிபரப்பு உண்டு. அமெரிக்கப் படை வானொலி நிலையம் அவற்றை 16 அங்குலத் தட்டுகளில் பதித்து, உலகெங்கும் இருந்த படைவீடுகளுக்கு அனுப்பிற்று. பயன்படுத்தியபின் அழித்துவிட வேண்டும் என்பது விதி. விதியை மீறிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தவர்களால் இன்று நமக்கு அவ்விசை கிடைக்கிறது! ஆனால் படை வானொலியார் விளம்பரங்களை நீக்கும்போது வேறு வேறு நாளின் பாட்டுகளை ஒரே நிகழ்ச்சியாகக் கோத்துவிடுவதும் உண்டு. ஆகவே ஒரு தட்டில் ஒரு தேதி இருப்பதால் அதிலுள்ள பாட்டெல்லாம் அத்தேதியினவாகா.

இந்தியாவுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. சிக்காகோவில் பெயர் பெற்ற கறுப்பினப் பியானோ வித்துவான் டெடி வெதர்போர்டு, 1926இல் ஆசியாவுக்குப் புறப்பட்டு, ஷாங்ஹாயிலும் பம்பாய் தாஜ்மகால் ஓட்டலிலும் வாசித்து, போர்க்காலத்தில் கல்கத்தா கிராண்டு ஓட்டலில் கோஷ்டி நடத்தினார். அங்கே கொலம்பியா தட்டுகளிலும் பதிவு செய்தார். அமெரிக்கப் படை வானொலியிலும் அவர் கோஷ்டி ஒலித்தது. பின்னாளில் பெயர் பெற்ற பாடகர் ஜிம்மி விதர்ஸ்பூன், கப்பல் ஊழியராக வந்த இடத்தில் அக்கோஷ்டியோடு பாடியவர். 1945 ஏப்ரலில் வெதர்போர்டு கல்கத்தாவிலேயே வாந்திபேதியால் இறந்தார். எண் பொறித்துக் கம்பெனிக் கணக்கில் ஏறிய தட்டுகளைத் தேடுவது எளிது. காற்றில் போன ஒலிபரப்பு அப்படியன்று.

இனி, பெயரில்லாத ஒரு பதிவு கைக்கு வந்தால் அதன் பிறப்பை எவ்வாறு கண்டுகொள்வது? தட்டின் நடுவே, பாட்டு முடிந்த வெற்றுப் பகுதியில் கீறப்பட்டிருக்கும் எண்ணை முதலில் பார்ப்பர். அறிவிப்பாளர் குரலும் அவர் சொல்லும் மண்டபப் பெயரும் அடுத்த சான்று. அன்றைய நாளிதழின் வானொலி நிகழ்ச்சிப் பத்தியோடு அதனை ஒத்துப் பார்க்கலாம். கோஷ்டியின் முத்திரைப் பாட்டும் துணை செய்யும். 1941 தொடக்கத்தில் பாட்டுரிமைச் சங்கமொன்றுக்கும் வானொலி நிலையங்களுக்கும் மூண்ட தகராற்றால் அச்சங்கத்தார் பாட்டுகள் வானொலியில் ஒலிக்காமல் போயின. எலிங்டன் தம் பழைய முத்திரையை விட்டு, பில்லி ஸ்ட்ரேஹார்ன் இயற்றிய 'டேக் தி ஏ டிரெயின்' பாட்டை ஏற்றார். ஆகவே அதனை முத்திரையாகக் கொண்ட ஒலிபரப்பு 1940ஐச் சேர்ந்ததாக இராது.

சுருதியும் சாட்சி சொல்லும். தட்டு வேகம் கூடிச் சுழன்றால் கோஷ்டி முழுவதும் அரைக் கட்டை ஏறி ஒலிக்கும். பதிவில் மெலிதாகக் கலந்திருக்கும் மின்சார ரீங்காரம் அமெரிக்காவில் நொடிக்கு 60 அதிர்வு. அதனை அளந்தே சரியான வேகத்தை நிறுவுகின்றனர். இரண்டு வெளியீடுகளில் ஒரே இடத்தில் ஒரே 'டக்' ஓசை கேட்டால், அட்டைகளில் வேறு வேறு ஊர் அச்சாகியிருந்தாலும் தாய்த்தட்டு ஒன்றே. இத்தகைய ஏமாற்று மிகுதி. நியூயார்க்கில் போரிஸ் ரோஸ் என்பவர் வானொலியில் பிடித்த ஒலிபரப்புகளைப் பற்பல கற்பனைக் கம்பெனிகளின் பெயரில் விற்றார். அவர் செய்தது சட்டத்துக்கு ஒவ்வாதது. ஆனால் அவர் பிடித்திராவிடில் சில இரவுகள் நமக்கு அடியோடு இல்லை. ஆராய்ச்சியாளர் இன்றும் அவரை ஏசிக்கொண்டே அவர் தட்டுகளைத் தேடுகின்றனர்.

நம் கருநாடக இசை ரசிகரிடமும் இவ்வேலை காத்திருக்கிறது. சபாக் கச்சேரிகளை டேப்பில் பிடித்தவர் பிரதி கொடுக்க, அவர் மற்றொருவருக்குக் கொடுக்க, தேதி ஒரு கையில் உதிர, மிருதங்க வித்துவானின் பெயர் மறு கையில் மாறிவிடுகிறது. 'சென்னை, 1950களில்' என்ற அளவில் நின்றுவிடும் பதிவுகள் எத்தனை! பக்கவாத்தியத்தின் கைவண்ணத்தைக் கொண்டே ஆண்டை நெருங்கிவிடும் செவிகள் நம்மிடம் உண்டு. அவர்கள் கண்டதை எழுதி வைத்தால் நன்று.

பென்னி குட்மன் தட்டுகளை 1950இல் நாடாவுக்கு மாற்றிய பொறியாளர் பில் சாவரி. கச்சேரியைப் பதிவு செய்வித்த மார்க்ஸின் மனைவியாக முன்பு இருந்த ஹெலன் வார்டு பின்னாளில் மணந்தது இவரைத்தான்! 1930களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் ஒலிப்பதிவு நிலையமொன்றில் வேலை செய்த சாவரி, இரவில் வானொலியில் வந்த ஜாஸ் ஒலிபரப்புகளைத் தமக்கென்று பெரிய தட்டுகளில் பதித்து வந்தார். அவரிடம் ஏதோ இருக்கிறது என்று கேள்விப்பட்டவர் பலர், கேட்டவர் சிலரே. 2004இல் அவர் இறந்தார். 2010இல் ஹார்லெம் தேசிய ஜாஸ் அருங்காட்சியகம் அவர் மகனிடமிருந்து அச்சேகரத்தைப் பெற்றது. தட்டுகள் 975, ஒலி 100 மணிக்கும் மேல். 1938 மே 29ஆம் தேதி ராண்டல்ஸ் தீவில் திறந்தவெளியில் நடந்த ஜாஸ் விழாவில் கவுன்ட் பேஸி கோஷ்டி வாசித்தது அதில் இருந்தது. ஆனால் மேற்பூச்சு உரிந்து, பூஞ்சை பிடித்து, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தட்டுகள் மிக மோசமான நிலையில் இருந்தன. சேதமடைந்தவற்றை மீட்கவும் உரிமையாளரைக் கண்டு இணக்கம் பெறவும் ஆண்டுகள் சென்றன. 2016இல்தான் முதல் தொகுதி வெளிவந்தது. 1972க்கு முற்பட்ட அமெரிக்க ஒலிப்பதிவுகள் மாநிலத்துக்கு ஒரு சட்டமாகக் கிடந்தமையும் ஒரு தடை. 2018இல்தான் அவை நாடு முழுவதற்குமான சட்டத்தின்கீழ் வந்தன.

கேலாங்குக்கு வருவோம். ஹேப்பி வேர்ல்டு மண்டபம் இருந்த நிலத்தில் அதன் சுவடு இல்லை. நடன மண்டபங்களின் விளம்பரங்கள் அக்காலத்து நாளிதழ்களில் இருக்கின்றன. சிங்கப்பூர்த் தேசிய நூலகம் அவ்விதழ்களை மின்வடிவில் எவரும் பார்க்க வைத்திருக்கிறது. 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று நிலையம் முதியோர் நினைவுகளைப் பதிவு செய்து வந்திருக்கிறது. பார்கோ, நியூபோர்ட் ஆராய்ச்சிகளில் பாதி வேலை இத்தகைய ஏடுகளிலும் நினைவுகளிலும் நடந்ததே. இங்கே அந்தப் பாதி ஆயத்தமாக உள்ளது. வேண்டுவது ஒலி. 1949 முதல் வீட்டுக்கு வீடு கம்பிவழி ஒலிபரப்பிய ரீடிபியூஷன் நிலையத்தின் காலத்திலோ, டேப்ரிக்கார்டர் வசதியுள்ள இல்லங்களுக்கு வரத் தொடங்கிய காலத்திலோ, மேடையோரம் ஒருவர் கருவியோடு அமர்ந்திருக்கலாம். அப்படி ஒருவர் இருந்திருந்தால் அவருடைய நாடா இப்போது மகன் வீட்டிலோ பேத்தி வீட்டிலோ, பெயர் எழுதாத பெட்டியில் கிடக்கும். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்க நெடுநாள் ஆகாது. வீடு மாறும்போது பழைய பெட்டிகளை எறிவதற்குமுன் ஒருமுறை திறந்து பார்ப்பவர்க்கு, அட்டையில் எழுதவேண்டியவை மூன்றுதாம்: எந்த மண்டபம், எந்த நாள், வாசித்தவர் யார்.